செந்திலின் வேண்டுதல்

கண்ணு,

நாங்கள் இங்கே நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உன் அம்மாவால் நடக்க முடிகிறது, என்னால் சாப்பிட முடிகிறது. இதற்கு நலம் என்று பெயரா என்பதை நீயே முடிவு செய்துகொள். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ "சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா" என்று அவசரப்படுத்துகிறாய். எனக்கும் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. எழுத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. நான் நிறுத்தினாலும் உனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க வருகிறேன், லீவு தரமாட்டார்கள், வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாய். வேலையை விட்டால் அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதியும் போய்விடும், திரும்பப் போக முடியாது என்பது உனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாய். உன் குரலில் அது கேட்டது. தம்பி செந்தில் உனக்காக வேண்டிக்கொண்ட நடை பாக்கி நின்றுவிட்டது, அந்தப் பாக்கிதான் அவனைக் கொண்டுபோயிற்று, அதை நீயே நடந்து தீர்த்தால்தான் உனக்குத் தூக்கம் வரும் என்றாய். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதைக் கடைசிவரை படி. அதன் பிறகு எடுப்பதானால் எடு.

முதலில் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை நினைவுபடுத்துகிறேன். உன் விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்த அன்று செந்தில் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தான். அம்மா கேட்டபோது, "பழனிக்கு நடக்கறேன்னு வேண்டிருக்கறேம்மா" என்று மட்டும் சொன்னான். பிறகு விசா வந்தது, ஆவணியில் நீ போனாய். ஐப்பசி மழையில் வயல் சேற்றில் நின்ற செந்திலுக்குக் காய்ச்சல் வந்தது. எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. நீ போலந்துக் கிடங்கின் வாசலில் நின்றுகொண்டு போனில் எல்லாவற்றையும் பார்த்தாய். சுடுகாட்டில் சிக்னல் கிடைக்கவில்லை. கிடைக்காததற்காக அன்று ஒருமுறை கடவுளுக்கு நன்றி சொன்னேன். எனக்கும் அவருக்கும் அவ்வளவு பழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

காரியத்துக்கு வீடு கழுவும்போது அந்தக் காசு முடிச்சு கிடைத்தது. துக்கம் கேட்க வந்திருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "விசா வந்தும் நடக்காம உட்டுட்டானே, முருகன் விளையாட்டுப் பாக்கமாட்டான்" என்றார். துக்க வீட்டில் எல்லாருக்கும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. காப்பியோடு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போன் அப்போது மேசைமேல் இருந்தது, அதில் நீ இருந்தாய். அந்த ஒரு வாக்கியத்தை நீ இத்தனை மாதமாகச் சுமக்கிறாய் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

துக்கம் நடந்த வீட்டார் ஒரு வருஷம் மலைக்கோயிலுக்குப் போவதில்லை. அதனால் வருஷத் திதி முடியும்வரை உன் அம்மா வாயைத் திறக்கவில்லை. முடிந்த மறுநாள் காலை, "ஏனுங்க, தைப்பூசத்துக்கு நாம நடக்கலாமுங்க. அவனோடது பாக்கி நிக்கக்கூடாது" என்றாள். ஒத்துழைப்பாயா என்று என் முட்டியிடம் யாரும் கேட்கவில்லை.

திட்டம் போடும் வேலை எனக்கு வந்தது. நம் ஊரில் வழக்கமாகக் கூட்டிப்போகிற குருசாமியைப் போய்ப் பார்த்தேன். முன்பெல்லாம் குருசாமி என்றால் முன்னால் நடக்கிறவர். இப்போது அவர் வேனில் வருகிறார். சாமான் வண்டி, மூன்று வேளைச் சாப்பாடு, கால் பிடித்துவிட ஓர் ஆள், முதுகில் அவருடைய படம் போட்ட பனியன், எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். முருகன் படம் இல்லையா என்றேன். "முன்பக்கம் சின்னதா இருக்குதுங்க" என்றார். நீ அனுப்புகிற பணம் நீ போவதற்கு வாங்கிய கடனுக்கே சரியாகிவிடுகிறது. தென்னைக்கு வாடல் நோய், கிணற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று கிணற்றுக்கே தெரியாது. அந்தப் பனியன் நமக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு நானும் அம்மாவும் உட்கார்ந்து யோசித்தோம். குறைந்த செலவில் நடப்பதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. என்றைக்காவது நீ நடப்பதானால் உதவும். கூட்டத்துக்கு முந்திப் போகாதே, பிந்தியும் போகாதே. முந்திப் போனால் அன்னதானப் பந்தல் இன்னும் போட்டிருக்கமாட்டார்கள், பிந்திப் போனால் பிரித்துக்கொண்டிருப்பார்கள். கோபாலபுரம் வழியாக மாநில எல்லை தாண்டிப் பொள்ளாச்சி போகும்வரை நம் சோறுதான். அதற்கு அவலும் பொட்டுக்கடலை மாவும் போதும். உடுமலைப் பக்கம் போய்விட்டால் மோரும் சோறும் கையைப் பிடித்து இழுத்துத் தருவார்கள். படுப்பதற்குப் பள்ளிக்கூடம், அரிசி ஆலை, பெட்ரோல் பங்க் எதுவும் ஆகும். அம்மா காலி உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து விரிப்பு செய்திருக்கிறாள். பனி இறங்காது, சுருட்டினால் அக்குளில் அடங்கும். யூரியா வாசம் மட்டும் போகவில்லை. பயிர் மாதிரி நாமும் காலையில் கொஞ்சம் வளர்ந்திருப்போம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பி வர ரயில் இருக்கிறது. போவதற்குத்தான் கால். தினமும் விடியலில் வாய்க்கால் மேட்டில் வெறுங்காலோடு நடந்து பழகினோம். தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போய் மண்வெட்டி பிடித்த உடம்பு அவளுடையது, முன்னால் போய்விடுவாள். நான் பின்னால் போவேன். நான் படித்த பயண நூல்களில் எல்லாம் நடக்கிறவனுக்கு வழியில் ஞானம் வருகிறது. எனக்கு வந்தது கொப்புளம். கொப்புளத்துக்கு விளக்கெண்ணெய் தடவு, குத்தி உடைக்காதே. இது ஞானத்தைவிட உபயோகமான செய்தி.

அந்தச் சமயத்தில்தான் நீ ஒருநாள் கேட்டாய். கிடங்கில் தினமும் நடக்கிற தூரத்தை உன் போன் கணக்கு வைக்கிறது, கூட்டிப் பார்த்தால் பழனிக்குப் பலமுறை போய்த் திரும்பியாகிவிட்டது, இதைச் சாமி சேர்த்துக்கொள்ளுமா என்று. விளையாட்டாகக் கேட்ட மாதிரி கேட்டாய். நான் அதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பூட்ஸு போட்டுட்டுத்தானுங்க நடக்கறான்? அப்பறம் எப்படிங்க சேரும்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தனை தூரமா நடக்க வெக்கறாங்க?" என்று கேட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. உன்னிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

செலவுக்கு நீ பணம் அனுப்புகிறேன் என்றதையும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவனுடைய வேண்டுதலை மற்றவர்கள் எடுத்து நடக்கும்போது மடிப்பிச்சை எடுத்துத்தான் போக வேண்டும் என்றாள். உனக்குத் தெரிந்த வழக்கம்தான். முந்தானையை ஏந்தி வீடு வீடாகப் போய் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் "என்ன வேண்டுதல்?" என்று கேட்பார். சொன்ன பிறகு அரிசியோ காசோ போடுவார். போடுகிறவருக்கும் அந்த நடையில் ஒரு பங்கு உண்டு என்று கணக்கு. அதனால்தான் கேட்டுவிட்டுப் போடுகிறார்கள். தோப்பும் கிணறும் வைத்திருக்கிற குடும்பம் வாசலில் போய்க் கையேந்துவதா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. தோப்பில் காய் இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, கௌரவத்துக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டு துண்டை இடுப்பில் கட்டினேன்.

முதல் வீடு மேற்கே சரஸ்வதி வீடு. அவளைத்தான் உனக்குத் தெரியுமே, வாயைக் கடன் கொடுத்தால் வட்டியோடு திருப்புவாள். படியில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, மகன் யூரோப்புல சம்பாரிக்கறான், நீங்க மடிப்பிச்சைக்கு வந்திருக்கறீங்க. அரிசி போடட்டுங்களா, யூரோ போடட்டுங்களா?"

"எது கைவசம் இருக்குதோ அதப் போடு, சரசு," என்றேன்.

"யூரோ நேத்துத்தான் தீந்துதுங்கண்ணா," என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "என்ன வேண்டுதலுங்க அக்கா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் குரல் மாறிவிட்டது. அம்மா சொன்னாள். சரஸ்வதி இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் போட்டுவிட்டு, எங்களுக்கு முகத்தைக் காட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

அப்படியே இன்னும் சில வீடுகள். எல்லா வாசலிலும் அம்மா அதையே சொன்னாள். பெரியவனுக்கு விசா கிடைக்க வேண்டும் என்று சின்னவன் வேண்டியது, அவன் இல்லை, நாங்கள் நடக்கிறோம். சொல்லச் சொல்ல அவள் குரல் நிமிர்ந்தது. மகன் விட்டுப்போன வேலையை முடித்துக் கொடுக்கிற தாயின் குரல் அது. அந்தக் குரலோடு ரஞ்சித் வீட்டு வாசலுக்குப் போனோம். செந்திலோடு எப்போதும் சுற்றிக்கொண்டிருப்பானே, அந்த ரஞ்சித். அவன் அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அவனே படி நிறைய அரிசி எடுத்துக்கொண்டு வந்தான்.

"என்ன வேண்டுதலுங்கம்மா?"

"பெரியவனுக்கு விசா கெடைக்கோணும்னு செந்திலு வேண்டினது கண்ணு. நாங்க நடக்கறோம்."

ரஞ்சித் அரிசிப்படியை நீட்டியபடியே நின்றான், போடவில்லை.

"போடு கண்ணு. முந்தானை பாரமா இருக்குது."

"அம்மா, அது அப்படி இல்லீங்க."

"எது இல்ல?"

அவன் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். உதவி செய்ய எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்: "விசா கெடைக்கக் கூடாதுன்னுதானுங்கம்மா அவன் வேண்டினான்."

அம்மா ஏந்திய முந்தானையைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"காசு முடியறப்ப நாங்கூட இருந்தனுங்க. 'எங்கண்ணனுக்கு விசா வராமப் போச்சுன்னா பழனிக்கு நடந்தே வர்றேன்'னு சொல்லித்தான் முடிஞ்சான். ஏண்டா, ஊரே அவனுக்கு விசா வரோணும்னு நிக்குது, நீ இப்படி வேண்டறயேன்னு திட்டினனுங்க. 'எல்லாரும் அந்தப் பக்கமே இழுத்தா, இந்தப் பக்கம் ஒருத்தனாவது இழுக்கோணுமல்லடா'ன்னான். விசா வந்தன்னிக்கு, காசை அவுத்துருடான்னேன். 'இன்னும் பிளைட்டு ஏறலையல்ல, பாக்கலாம்'ன்னான். அண்ணன் ஏறிப் போனதுக்கப்பறம் அவன் அதப் பத்திப் பேசவே இல்லீங்க. இத்தனை நாளா நானும் சொல்லாம இருந்துட்டேன். இப்ப வேண்டுதல்னு கேட்டுட்டு, தெரிஞ்சே தப்பா அரிசி போட்டா எனக்கு ஆகாதுங்கம்மா."

கண்ணு, இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடி. நானும் குடிக்கிறேன்.

இப்போது சொல்ல வேண்டிய முதல் விஷயத்தைச் சொல்கிறேன். செந்தில் கேட்டது கிடைக்கவில்லை. கேட்டது கிடைக்காதவன் எதையும் செலுத்த வேண்டியதில்லை. இந்த ஒரு விதியில் எல்லாச் சாமிகளும் ஒரே கட்சி. ஆகவே பாக்கி என்று ஒன்று இல்லவே இல்லை. துக்க வீட்டில் அந்த மனிதர் சொன்னது ஆதாரம் இல்லாத பேச்சு. உன் தம்பி சேற்றில் இருந்த ஒரு கிருமியால் போனான். கிருமி யாருடைய வேண்டுதலையும் விசாரிப்பதில்லை. உன் விசாவுக்கும் அவன் சாவுக்கும் நடுவில் நீ கட்டி வைத்திருக்கிற பாலத்தை இன்றோடு இடித்துவிடு. நடந்து தீர்க்க உன் பெயரில் எதுவும் இல்லை. அதற்காக வேலையை விடாதே.

இரண்டாவது விஷயம், நீ போகவே கூடாது என்று அவன் வேண்டியிருக்கிறான் என்பது, கஷ்டமானது. உன் தலையிலிருந்து ஒரு பாரத்தை இறக்கியவன் அதே கையால் இன்னொன்றை ஏற்றுகிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இதைச் சொல்லாமல் முதல் விஷயத்தைச் சொல்ல வழியில்லை. மறைத்துவிட்டு, "வராதே" என்று மட்டும் எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன். அப்படி எழுதியிருந்தால் நீ வந்திருப்பாய்.

ரஞ்சித் வாசலுக்குத் திரும்பி வருகிறேன். அம்மா முந்தானையைச் சரிசெய்து மறுபடி ஏந்தினாள். பிறகு, "அரிசியப் போடு கண்ணு" என்றாள்.

"அம்மா, வேண்டுதலே இல்லையேங்க..."

"அவனோடது இல்ல. இது என்னோடது. இப்பத்தான் வேண்டிக்கிட்டேன், போடு."

அவன் போட்டான். இருந்த அரிசி முழுவதையும் போட்டான். நாங்கள் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. வாய்க்கால் மேட்டில் வீட்டுக்குத் திரும்பினோம். அவள் முன்னால், நான் பின்னால். பாதி வழியில் அவள் திரும்பாமலே பேசினாள்.

"உங்களுக்குத் தெரியாதுங்க. அதே நாள்ல நானும் வேண்டினேன். பெரியவனுக்கு விசா கெடைச்சா தேங்கா ஒடைக்கறேன்னு. வந்த ஒடனே ஒடச்சும் போட்டேன்."

"தெரியும், சட்னி சாப்பிட்டேன்," என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாதபோது எனக்கு வருவது இதுதான்.

"ஒரே ஊட்டுல இருந்து, ஒரே படத்துக்கு முன்னால, ரெண்டு பேரு போயி ரெண்டு விதமாக் கேட்டிருக்கறமுங்க. அவன் அத்தனை தூரம் நடக்கறேன்னான். நான் ஒத்தைத் தேங்காயக் காட்டினேன். சாமி தேங்காய்க்கு எறங்கிட்டுது."

"அம்மா கேட்டதாச்சேன்னு கொடுத்திருக்கும்," என்றேன்.

"அப்ப அவனுக்கு என்ன சொல்லிச்சு? ஏதாச்சும் சொல்லியிருக்கோணுமல்லங்க. அதத்தான் போயிக் கேக்கப் போறேன்."

"பஸ்ஸுல போயிக் கேக்கக் கூடாதா?"

"பஸ்ஸுல போயிக் கேக்கற கேள்வியாங்க அது?"

உன் அம்மா நாற்பது வருஷமாகச் சாமியிடம் கேட்டு வாங்கியவள். இந்த முறை விளக்கம் கேட்கப் போகிறாள். சாமியின் நிலைமையை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது. கூட நான் போகிறேன். சாமிக்குத் துணையாகவா, அவளுக்குத் துணையாகவா என்பதை மலையடிவாரத்தில் முடிவு செய்துகொள்கிறேன்.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. முட்டி இப்போது பரவாயில்லை. முடியாத இடத்தில் உட்கார்ந்துகொள்வேன், வெட்கப்பட மாட்டேன். சரஸ்வதி தன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு எங்களோடு வருகிறாள். அதனால் வழியில் அமைதி இருக்காது, அது நல்லதுதான். நாங்கள் நடக்கிற நாட்களில் நீ வழக்கம்போல வேலைக்குப் போ. கிடங்கில் நடக்கிற தூரத்தை எதோடும் கூட்டாதே, கழிக்காதே. கோடையில் லீவு கிடைத்தால் வா. வந்து சும்மா இரு. எதையும் தீர்ப்பதற்காக வராதே.

செந்தில் உன்னை வெறுத்துப் போட்ட மனு அல்ல அது என்பதை நான் எழுதத் தேவையில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் நீ ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, நீ வரும்வரை அவன் "பசியில்லைம்மா" என்று சாப்பிடாமல் இருந்துவிட்டு, நீ வந்ததும் "இப்பத்தான் பசிக்குது" என்று உன்னோடு உட்காருவான். போகாதேடா என்று உன்னிடம் சொல்ல அவனுக்குக் கூச்சம். நீ சிரித்திருப்பாய். எங்களிடம் சொன்னால் நாங்கள் திட்டியிருப்போம். நாங்கள் எல்லாரும் அப்போது மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தோம். இந்த வீட்டில் நீ இருக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவன் அவன் ஒருவன்தான். கேட்ட இடம்தான் வேறு.

நீ போன அன்று ஏர்போர்ட்டுக்குப் போகிற காரில் அவன் முன்சீட்டில் இருந்தான். நீயும் அம்மாவும் நானும் பின்னால் இருந்தோம். நேரமாகிவிட்டது என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். அவன் வழி முழுக்க டிரைவரிடம், "மெதுவாப் போங்கண்ணா, நேரமிருக்குது, மெதுவாப் போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வேகமாகப் போனால் அவனுக்குக் குமட்டுகிறது போல என்று நினைத்து, நான் அவனிடம் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். அவன் அதை வாங்கி முகர்ந்துகொண்டான்.

அப்பா